தூரத்துச் சம்பந்தம்

மூன்றாவதும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்து ஹாலிலேயே படுத்துவிட்டேன். அம்மா செம்பவாங்கிலிருந்து கிளம்பி, தேக்கா சந்தையில் இறங்கிப் பால்சுறா வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்தியம் அது. பிள்ளை இல்லாமலே எனக்கு இது மூன்றாவது முறை.

என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி அம்மா மெதுவாக ஆரம்பித்தார். கோயிலில் பூசை முடிந்ததும் ஓர் ஆன்ட்டி சொன்னாராம்: “குதிரையும் கழுதையும் சேர்ந்தா கோவேறு கழுதைதான். அதோட வம்சம் நின்னுடும். ரத்தம் ஒத்துப்போகணும் லா.”

என் கணவர் சீனர். கல்யாணத்தின்போது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. இப்போது அவரே இதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இதில் நான் குதிரையா கழுதையா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது.

எங்கள் இருவருக்கும் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவை டாக்டர் அன்று காலைதான் சொல்லியிருந்தார். கோவேறு கழுதைக் கணக்கோடு சேர்த்து அதைச் சொன்னேன். குதிரைக்கு அறுபத்து நான்கு குரோமோசோம், கழுதைக்கு அறுபத்திரண்டு. இரண்டும் சேர்ந்த குட்டிக்கு அறுபத்து மூன்று. அவை சரியாக ஜோடி சேராததால் அதற்கு அநேகமாகக் குட்டி பிறக்காது. ஆனால் சீனருக்கும் நாற்பத்தாறு, தமிழருக்கும் நாற்பத்தாறு. என் கணவரிடம் ஒரு கோளாறும் இல்லை. என்னிடம்தான் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. எனக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை. கருவுக்குப் பங்கு பிரியும்போதுதான் பல சமயம் ஒரு துண்டு கூடிவிடுகிறது, இன்னொன்று குறைந்துவிடுகிறது. நான் யாரைக் கட்டியிருந்தாலும் இதே கதைதான்.

“அது எங்கேருந்து வந்துச்சு?”

“அப்பாகிட்டேருந்தோ உங்ககிட்டேருந்தோ வந்திருக்கலாமாம்.”

அம்மா பூண்டைக் கீழே வைத்தார்.

“உனக்கு முன்னாடி எனக்கும் ரெண்டு தங்கல.”

எனக்கு அது தெரியாது.

“உங்கப்பா எனக்கு மாமா மகன். சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்.”

எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். வெந்த சுறாவின் வாடை ஹால் வரை வந்தது.

“அதான் நீ சீனப் பையனைக் கூட்டிட்டு வந்தப்போ நான் ஒரு வார்த்தை தடுக்கல. தூரத்துல கட்டுனா உனக்காவது தங்கும்னு நெனச்சேன்.”