எங்கள் சமாதானக் கழகம் தீர்த்துவைத்த பிணக்கு

புதுத் துணியின் கஞ்சி வாசமும் அதில் அச்சடித்த நீலப் புறாவின் மை வாடையும் கலந்து வந்தால் நான் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். வடமராட்சியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடமொன்றில் நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஆண்-பெண் சமத்துவத்துக்கான ஏதோ ஒரு திட்டத்தின் தயவில் 'பால்நிலை சமாதானக் கழகம்' என்று தொடங்கி, எங்கள் எல்லோருக்கும் புறா போட்ட அந்த 'ரீசேட்' சட்டையைத் தந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தாளில் புறாப் படம் கீறுவோம், சமத்துவப் பாட்டுப் படிப்போம். 'பெடியள்' மேடையில் பேச, 'பெட்டையள்' நாங்கள் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவோம். பிணக்குத் தீர்க்கும் முறையைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: இரு தரப்பும் பேச வேண்டும், இரு தரப்பும் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு கைகுலுக்க வேண்டும். பொறுப்பாசிரியருக்கு அது வேதவாக்கு.

அதை உண்மையாக நம்பியவள் என் வகுப்புத் தோழி வாசுகி. கணக்கில் கெட்டிக்காரி, பொறியியல் படிக்கும் ஆசையோடு இருந்தவள். 'ரியூசன்' முடிந்து சைக்கிளில் வரும் அவளை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பல நாளாகப் பின்தொடர்ந்து, ஒரு மாலை ஆளில்லாத ஒழுங்கையில் மறித்துக் கையைப் பிடித்து இழுத்தான். விழுந்து முழங்கால் உரஞ்சுப்பட்டவள், வீட்டில் சொல்லப் பயந்து கழகத்தில் பொறுப்பாசிரியரிடம் சொன்னாள்.

"சேர், வீட்டை தெரிஞ்சால் என்ரை படிப்பை நிப்பாட்டிப் போடுவினம். என்ரை பின்னாலை வரவேண்டாம் எண்டு அவனுக்கு மட்டும் சொல்லிவிடுங்கோ."

சேருக்கோ வாயெல்லாம் பல். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து திட்டக்காரர் வரவிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட நாடகம் பழக்கும் வேலை மிச்சம், உண்மையான பிணக்கே கைக்கு வந்துவிட்டது. பெற்றோரையும் அழைத்து நிரப்பிய மண்டபத்தில் இருவரையும் மேடையேற்றினார். அவன் இளித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். பிறகு சேர் வாசுகியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீர் கேளும் பிள்ளை."

"நான் என்ன செய்தனான் சேர்?"

"அவன்ரை பேரைச் சொல்லி மானத்தை வாங்கிப்போட்டீர்தானே. ரெண்டு பக்கமும் கேட்டால்தான் சமாதானம்."

முன்வரிசையிலிருந்த அதிபரும் விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளையள் கொஞ்சம் விட்டுக்குடுக்கத்தான் வேணும்" என்றார்.

வாசுகி கேட்டாள். தன்னைப் பிடித்திழுத்த அதே கையைப் பிடித்துக் குலுக்கவும் செய்தாள். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள், போய் 'றோல்ஸ்' தின்றார்கள். சீ! சுரணையுள்ள ஒருவருக்காவது அன்று தொண்டைக்குள் இறங்கியிருக்குமா அது?

மண்டபத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார். "ஊருக்கு முன்னாலை ஒருத்தன்ரை கையைப் பிடிச்சவளுக்கு இனிப் படிப்பு என்னத்துக்கு?" என்று அன்றே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, உடுவிலில் இருந்த சித்தி வீட்டுக்குத் தையல் பழக அனுப்பிவிட்டார். அடுத்த பள்ளித் தவணையில் அந்தப் பெடியன்தான் கழகத்தின் தலைவர்.

இப்போது அந்தக் கழகம் இல்லை. திட்டம் முடிந்ததும் பதாகையைக் கழற்றினார்கள், சேர் இடமாற்றம் பெற்றுப் போனார், அறைக்குள் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அண்மையில் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் வாசுகியைக் கண்டேன். பழசைக் கிளற எனக்கு மனம் வரவில்லை, அவளே கதைத்தாள்.

"அப்பா படிப்பை நிப்பாட்டினதைக் கூட விடடி. அண்டைக்கு நான் கேட்ட மன்னிப்பைத் திருப்பி எடுக்கோணும். ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"