பாறைவாயனின் முஷ்டி

அந்தப் பொம்மைத் தொழிற்சாலையில் நானூறு பேர் செய்தார்கள், ஒருத்தி உடைத்தாள். சோதனை அறைப் பொறுப்பாளர் என்பது ஏட்டில் இருந்த பெயர். மேனேஜரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் உடைக்கிற அக்கா. காலையில் மேலங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், சாயங்காலம் ஒரு வாளி நிறையக் கைகால்களோடு வெளியே வருவாள். பதினாறு வருஷமாக இப்படித்தான்.

தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் சூடு பிடித்தால் போதும், அதன் ஆட்கள் சாண் உயரப் பொம்மைகளாக அவள் மேஜைக்கு வந்துவிடுவார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு வித்தை. நாயகனின் மார்பைத் தட்டினால் கவசத்துக்குள் இருக்கும் சின்ன உருளை சுழன்று ஒரு வெட்டுக்காயம் தெரியும். இன்னொரு தட்டுக்கு இரண்டு காயம். மூன்றாவது தட்டுக்கு மறுபடி புத்தம்புது மார்பு. அதைச் சுத்தியலால் மூவாயிரம் தடவை அடித்துப் பார்த்தாள். மூன்று முகம் கொண்டவனின் உச்சந்தலைக் குமிழைத் திருகித் திருகிக் கழுத்தை முறித்தாள். இடுப்பைத் திருப்பி விட்டால் சடாரென்று குத்து விடும் மல்லன் ஒருவன் இருந்தான். அவன் தொடை இரண்டையும் உள்ளே சேர்த்துக் கட்டியிருக்கும் ரப்பர் வளையம் எந்த எடையில் அறுகிறது என்று பார்க்க, எடைக்கல்லைக் காலில் தொங்கவிட்டுப் பிய்த்தாள்.

"பாவமா இல்லையாக்கா?" என்று பெயின்ட் அடிக்கிற பெண்கள் கேட்பார்கள்.

"பாவம் பார்த்தா, நீ வரைஞ்ச மீசை எச்சில் பட்டா கரையுதுன்னு யாருடி கண்டுபிடிக்கிறது?"

ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு. கொடுத்ததைச் சோதிக்கமாட்டாள். சோதனைக்கென்று தட்டில் வைத்து நீட்டுகிற பொம்மைகள் போட்டோ பிடிக்கத் தலை வாரி வந்தவை என்பது அவள் கணிப்பு. அவற்றை அலமாரியில் வரிசையாக நிறுத்திவிட்டு, நேரே பேக்கிங் பக்கம் போய், ஒட்டி முடித்த பெட்டிகளைக் கிழித்துத் தனக்கு வேண்டியதை எடுத்து வருவாள். இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பேக்கிங் ஆட்களும் சொல்லமாட்டார்கள்.

அவளுடைய தம்பி வரைபடப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சேர்த்துவிட்டதே அவள்தான். சின்ன வயதில் இருவரும் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அவன் கடித்த தழும்பு அவள் தோளில் இருந்தது. அவள் எறிந்த சாவிக்கொத்தின் தழும்பு அவன் தாடையில். ஆனால் கையில் பென்சில் ஏறிவிட்டால் அவன் வேறு ஆள். பாறைவாயன் என்ற வில்லனை அவன்தான் பொம்மையாக்கினான். முதுகுப் பொத்தானை அமுக்கினால் வலது முஷ்டி மணிக்கட்டோடு கழன்று பறக்க வேண்டும். நகத்தில் விரிசல் வரைக்கும் செதுக்கியிருந்தான். விரல் முட்டிகள் நாலும் கூர் கூராக இருந்தன.

முதல் மாதிரியைக் காட்டிய அன்று முஷ்டி பாறைவாயனின் காலடியிலேயே விழுந்தது. "குத்து விடுறானா, மூக்கு சிந்துறானா?" என்று தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேட்க, அறையே சிரித்தது. அவர்கள் போனதும் மேனேஜர் தம்பியைக் கூப்பிட்டார். "அடுத்த தடவை அது அந்தச் சுவர் வரைக்கும் பறக்கணும். இல்லேன்னா நீ பறக்கணும்" என்றார்.

பறந்தது. உடைக்கிற அக்கா பேக்கிங்கிலிருந்து ஆறு பாறைவாயன்களை எடுத்து வந்து சுட்டாள். குழந்தையின் கண்ணுக்குப் பதிலாக ஒரு வளையத்தில் மெல்லிய அலுமினியத் தாள் இழுத்துக் கட்டியிருக்கும். தாள் கிழிந்தால் பொம்மை தேறாது. ஆறு முஷ்டியும் ஆறு தாளைக் கிழித்துக்கொண்டு போயின. ஒன்று பின்னாலிருந்த சுவரில் காரையைப் பெயர்த்தது. தேறவில்லை என்று எழுதி அனுப்பினாள். வெளியே லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷத்தில் தம்பி வந்தான். அவள் எழுதிய தாள் அவன் கையில் கசங்கியிருந்தது.

"என் வேலையைக் காலி பண்ணணும்னே எழுதினியா?"

"கிழிஞ்சுது, எழுதினேன்."

"சத்தியமா கிழியாது. நான் குடுத்ததுல கிழியவே கிழியாது."

அவள் நிமிர்ந்தாள். "அதென்னடா, நான் குடுத்ததுன்னு தனியா சொல்ற?"

அவன் மேஜையிலிருந்த பாறைவாயன் ஒன்றை எடுத்து, முஷ்டியை உள்ளே தள்ளிப் பூட்டி, தன் வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்தான். "பாரு. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீ எழுதின தாளை நீயே கிழிச்சுப் போடு."

"வேண்டாம். அது நீ குடுத்தது இல்ல. பேக்கிங்ல எடுத்தது."

"கதை விடாத" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலைப் பொத்தானில் வைத்தான்.

அவள் கையில் இரண்டு கிலோ எடைக்கல் இருந்தது. யோசிக்க நேரமில்லை. வீசினாள். கல் அவன் மணிக்கட்டில் இறங்கியது. பிளாஸ்டிக் முறிந்தால் காய்ந்த சத்தம் வரும். எலும்பு முறிந்த சத்தம் ஈரமாக இருந்தது. முஷ்டி கிளம்பிவிட்டது. கண்ணுக்குப் போக வேண்டியது, புருவத்தை எலும்பு தெரிய உழுதுவிட்டுக் கூரையில் மோதியது.

ரத்தம் கண்ணை மறைக்க, அவன் இடது கையால் கண்மண் தெரியாமல் குத்தினான். அவள் முன்பல் உள்ளே போனது. அவள் அவன் தலைமுடியைப் பிடித்து மேஜைக் காலில் மோதினாள். இருவரும் தரையில் புரண்டார்கள். வாளி கவிழ்ந்து கைகால்கள் சிதறின. பொம்மைத் தலைகள் அவர்கள் முதுகுக்கடியில் நொறுங்கின. அவன் அவள் தொண்டையைப் பிடித்தான். அவள் அவன் உடைந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். அவன் அலறினான், பிடி தளர்ந்தது.

மல்லாந்து கிடந்தவனுக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு நேரே அலமாரியின் கீழ்த்தட்டு. அதில் சோதனைக்கென்று அவன் கொடுத்த ஆறு பாறைவாயன்களும், பாதத்தில் அவன் பென்சிலால் போட்ட குறி கலையாமல், தூசி தட்டாமல் நின்றன.



"அப்போ நான் சுட்டது பெட்டியில இருந்ததா?" என்றான்.

"அதைத்தான்டா சொன்னேன்."

"அந்த ஆறுலயும் மெல்லிசு ஸ்பிரிங் போட்டேன்க்கா. பெட்டியில போறதுல தடிச்சது."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"பறந்தாப் போதும்னார். எப்படின்னு கேக்கல."

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். அவனைத் தூக்கிவிட வரவில்லை. "நான் சொன்னா தேறலன்னு ஒரு தாள். நாளைக்கே வேற ஆளை வெச்சு தேறிடுச்சுன்னு இன்னொரு தாள் எழுதுவாங்க. செஞ்சவன் நீ சொல்லு" என்றாள்.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். தொங்கும் கையை மறு கையால் தாங்கியபடி, முகமெல்லாம் ரத்தமாக, பேக்கிங் கூடத்தின் நடுவே நடந்து லாரிக்கு முன்னால் போய் நின்றான். "இறக்குங்க. எல்லாப் பெட்டியையும் இறக்குங்க" என்றான். ஓட்டுநர் அந்த முகத்தைப் பார்த்துச் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். மேனேஜர் ஓடி வந்தார். நானூறு பேர் கேட்க, ஸ்பிரிங் சங்கதி முழுவதையும் அவன் சொன்னான். பிறகுதான் மயங்கி விழுந்தான்.

வேலை போனது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது, பென்சில் பிடித்தால் கோடு நடுங்கும். இப்போது இடது கையால் கடைப்பலகை எழுதுகிறான். பாறைவாயன் மறு வருஷம் வந்தான், முஷ்டி கழலாமல் அரை விரல் தூரம் மட்டும் துள்ளி நிற்கிற மாதிரி. அக்கா அவனையும் உடைத்துப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். தட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையின் அந்தக் கோடியில் உட்காருவான்.

"ஏன்டா அவ்வளவு தூரம்?"

"உன் கைக்கு எட்டாம இருக்கணும்ல."

அவள் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்துவிட்டு, குழம்புப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளிவிடுவாள்.