ஞாயிற்றுக்கிழமைப் பங்குச்சந்தை

பங்குச்சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதனாலேயே நானும் மாமாவும் எங்கள் விவாதத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துக்கொண்டோம். வார நாளில் பேசினால் பேச்சின் சூட்டில் எதையாவது வாங்கித் தொலைக்கும் ஆபத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கொதித்தாலும் திங்கட்கிழமை காலை வரை பொறுத்தாக வேண்டும். அதற்குள் இருவருக்கும் புத்தியோ பயமோ வந்துவிடும்.

மாமா என் அக்காவின் கணவர். சர்க்கரை ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று, கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் போனும் கையுமாக இருப்பவர். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நடந்து முடிந்ததையே மாணவர்களுக்குப் புரியவைக்க முடியாதவன், நடக்கப்போவதைக் கணிக்கிறேன் என்று பஸ் ஏறிக் கடலூர் போவதில் இருக்கும் அபத்தம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு மனம்விட்டுப் பேச மிச்சமிருக்கும் விஷயங்கள் குறைவு. அரசியல் பேசினால் உறவு கெடும். உடம்பைப் பற்றிப் பேசினால் மனைவி காதில் விழும், அப்புறம் சாப்பாட்டில் உப்பு இருக்காது. பங்குச்சந்தை ஒன்றுதான் யாருக்கும் பாதகமில்லாமல் கத்தக் கிடைப்பது.

என் கட்சி மருத்துவமனைப் பங்குகள். மாமாவின் கட்சி விளம்பரம். அதாவது, நாம் போனில் எதைப் பார்க்கிறோம் என்று மோப்பம் பிடித்து, அதற்கேற்ற விளம்பரத்தை நம் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் கம்பெனிகள்.

"ஜனங்க புடவை வாங்கறதத் தள்ளிப் போடுவாங்க மாமா. கார் வாங்கறதத் தள்ளிப் போடுவாங்க. நெஞ்சுவலியத் தள்ளிப் போட முடியுமா?"

"போடறான் மச்சான். நம்ம ஊர்ல அதையும் கேஸ் ட்ரபிள்னு சொல்லி சோடா குடிச்சிட்டுப் படுத்துக்கறான்."

"கடைசில வந்துதானே ஆவணும்?"

"வரட்டும். அவன் வந்து படுக்கறதுக்குக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டணும். மெஷின் வாங்கணும். இன்சூரன்ஸ்காரன் வாசல்ல போய் நிக்கணும். எல்லாம் முடிஞ்சி நிமிந்து பாத்தா, பெரிய டாக்டரு கோச்சிக்கிட்டு எதுத்தாப்புல தனியா ஆஸ்பத்திரி தெறந்திருப்பாரு. என் கம்பெனிக்கு என்னா வேணும்? கம்ப்யூட்டரு, நாலு பசங்க. உன் ஆஸ்பத்திரிக்கு ஆளு தேடி வரணும். இது ஆளத் தேடிப் போவும்."

"யாரு மாமா விளம்பரம் பாக்கறா? எல்லாரும் தள்ளி விட்டுட்டுப் போறாங்க."

"நீ தள்ளி விட்டதையும் அது குறிச்சி வெச்சிக்கும்."

நானும் விடமாட்டேன். நாளைக்கே போன் தயாரிக்கிறவன் கதவைச் சாத்தி, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன் என்றுவிட்டால் இந்தக் கம்பெனிகள் எல்லாம் குருடாகிவிடும், வியாபாரம் கொஞ்சம் மந்தமானாலும் எல்லா முதலாளியும் முதலில் வெட்டுவது விளம்பரச் செலவைத்தான், லாபத்துக்கும் இந்தப் பங்குகளின் விலைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அடுக்குவேன். மாமா அசையமாட்டார்.

"கதவச் சாத்தினா ஜன்னல் வழியா வருவான். உங்கக்கா கிரைண்டர் வேணும்னா. நான் என் போன்ல ஒரே ஒரு வாட்டிதான் தேடினேன். சாயங்காலம் ஹால்ல டிவியப் போட்டா கிரைண்டரு! வீட்டுக்கு ஒரே நெட்டு மச்சான். ஒருத்தர் தேடினா வீட்டுல இருக்கற எல்லாருக்கும் காட்டும். அதான் அவன் மூலதனமே."

"காட்டத்தான் காட்டுது. வாங்கித் தரத்தான் ஆளக் காணும்" என்பாள் அக்கா, கொத்தவரங்காய் கிள்ளியபடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். எங்கள் விவாதத்தில் அவள் அதற்குமேல் கலந்துகொண்டதில்லை. கடைசி பெஞ்சுப் பையன்கள் பேசுவதைக் கேட்டும் கேட்காததுபோல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் டீச்சர் முகம் அவளுக்கு வீட்டிலும் இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது பார்க்க மருத்துவமனைக்குப் போனால், கூட்டத்தைக் கவனிப்பேன். உட்கார இடமில்லாமல் ஜனங்கள் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டால் மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி பரவும். அதற்குக் கள ஆய்வு என்று நானே பெயர் வைத்திருந்தேன். ரத்தம் எடுக்கும் இடத்தில் வரிசை நீண்டிருந்தால் இந்தக் காலாண்டு முடிவு நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டே, நோயாளிக்கு ஆரஞ்சுப்பழம் கொடுத்துவிட்டு வருவேன். அப்படி ஒரு நாள் நான் மதிப்பீடு செய்த கூட்டத்தில் அக்காவும் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது என்று கொஞ்ச காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ் ட்ரபிள் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். ஓமம், சீரகம், பெருங்காயம் எல்லாம் ஆயிற்று. "என்னா டீச்சர், இளச்சி அழகாயிட்டீங்க" என்று தெருவில் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். முதுகுக்கும் வலி பரவிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்த டாக்டர், "அம்மா, கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். அக்கா எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு முறை. யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் டாக்டர் முதல் கம்பவுண்டர் வரை எல்லோருக்கும் தெரியும். வியாதி யாருடையதோ அவர் வெளியே போய் உட்காருவார். மற்றவர்கள் உள்ளே இருந்து அதைப் பெற்றுக்கொள்வார்கள்.

கணையத்தில் புற்றுநோய். சென்னையில் அறுவைச் சிகிச்சை செய்து பார்க்கலாம், பெரிய ஆபரேஷன், தாங்கினால் கொஞ்சம் காலம் கூடும், தாங்காமலும் போகலாம் என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் மாமாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் இருவரில் யார் முடிவெடுப்பவர் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் மாமா ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொண்டு எந்த வண்டி தன்னுடையது என்று தேடிக்கொண்டிருந்தார். அதன்மேல்தான் கை வைத்திருந்தார்.

"கல்லுன்னு சொல்லிடலாம் மச்சான். பித்தப்பைல கல்லு. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்துடலாம். என்னா எடுத்தாங்கன்னு அவ எங்க பாக்கப் போறா?"

நான் படித்தவன். நோயாளியின் உரிமை என்று தலைப்புக் கொடுத்தால் குறிப்பில்லாமல் அரைமணி நேரம் பேசக்கூடியவன். "சரி மாமா" என்றேன்.

அடுத்த வாரம் மாமா திருவந்திபுரம் போய்ப் பெருமாளுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னாங்க இது கோலம்?" என்றாள் அக்கா.

"வெயிலு" என்றார் மாமா. ஐப்பசி மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா மழையைப் பார்த்தாள், மொட்டையைப் பார்த்தாள், துண்டை எடுத்துக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விவாதத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சந்தேகப்படுவாள் என்று மாமா சொன்னார். எனவே வழக்கத்தைவிட உரக்கப் பேசினோம். மருத்துவமனைகளில் படுக்கை காலியாக இருப்பதே இல்லை, புற்றுநோய்ப் பிரிவுதான் எல்லாவற்றிலும் லாபமானது என்று நான் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, பல் மருத்துவமனைகளுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றேன். மாமாவோ நான் சொல்வதற்கெல்லாம் மறுப்புச் சொல்லவும் மறந்து தலையாட்டினார். எங்கள் விவாத வரலாற்றில் அவ்வளவு மட்டமான நாடகம் நடந்ததில்லை. நாங்கள் பேசாத நேரத்திலெல்லாம் மாமா கொல்லைப்பக்கம் போய் நின்று போனில் தேடிக்கொண்டிருந்தார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எத்தனை பேர் பிழைத்தார்கள். அந்தத் தேடலை அவர் எங்கே யாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று, அதே தொழிலின் மகிமையை எனக்கு வருடக்கணக்கில் பாடம் எடுத்தவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தைக் கேட்டவனுக்கும் தோன்றவில்லை.

சென்னைக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு முந்தைய ஞாயிறு. மாமா விளம்பரக் கம்பெனி ஒன்றின் புதிய ஒப்பந்தத்தைப் பற்றி உயிரில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சோபாவில் சாய்ந்து டிவியில் யாரோ செய்யும் வத்தக்குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட முடியாதவள் சமையலைப் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை, அதனால் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இந்தத் தடவ மாமா சொல்றதுதான் சரி" என்றாள் அக்கா. "அந்த விளம்பரக் கம்பெனியையே வாங்குங்க ரெண்டு பேரும்."

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு. "கேட்டியா மச்சான்! கணக்கு டீச்சரே சொல்லிட்டா!"

"ஆமா. என் ஒடம்புக்கு என்னான்னு என்கிட்ட சொன்னது அது ஒண்ணுதான்."

டிவியில் குழம்பு நின்று விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டில் ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டு, கணையப் புற்றுநோய் என்றால் கலங்க வேண்டாம் என்றார். பின்னால் ஒரு குடும்பம் கடற்கரையில் ஓடியது. மாமா ரிமோட்டைத் தேடினார். அது அக்காவின் மடியில் இருந்தது. அவள் அணைக்கவில்லை.

"மொதல்ல புடவை வரும், கிரைண்டர் வரும். பதினஞ்சு நாளா இந்த ஆளுதான் வராரு. தலைமுடி கொட்டினா வெக்கறதுக்கு டோப்பா வருது. கல்லுன்னா கல்லத்தானே காட்டணும்? வீட்டுல ஒருத்தர் தேடினா எல்லாருக்கும் காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? நான் தேடல. அப்ப யாரு தேடினது?"

"அது வந்து... எல்லார் வீட்டுக்கும் போடறாம்மா. சும்மா பொதுவா..."

"அப்ப உங்க கம்பெனி சரியில்லன்னு சொல்லுங்க."

மாமாவால் அதையும் சொல்ல முடியவில்லை. பிறகு அழ ஆரம்பித்தார். மொட்டைத் தலையோடு ஒரு பெரிய மனிதர் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நீ படிச்சவன்தானே? வயித்தக் கிழிக்கப் போறாங்க, யார் வயிறுன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல உனக்கு" என்றாள் என்னிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவதுபோல, "என்ன வெளிய அனுப்பின டாக்டரப் பாக்கணும்" என்றாள்.

அந்த டாக்டருக்குக் கடலூரில் எப்போதும் கூட்டம், நின்று பேச நேரமிருக்காது. வாரத்தில் ஒரு நாள் சிதம்பரத்தில் ஒரு கிளினிக்குக்கும் வருவார். அந்த நாளுக்குக் காத்திருந்து அக்காவும் மாமாவும் பஸ்ஸில் வந்தார்கள். காரில் வரச் சொன்னதற்கு, "ஒக்கார முடியுது, எதுக்குக் காரு" என்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் கொஞ்சம் நின்றாள். மாமா கை கொடுத்தார். பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இறங்கினாள்.

கிளினிக்கில் எங்கள் முறை வந்ததும் மூவரும் உள்ளே போனோம். டாக்டர் பைலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய..."

"நான் இருக்கேன் டாக்டர். இவங்க ரெண்டு பேரும் வெளிய இருக்கட்டும்."

டாக்டருக்கு இது புதிது போலிருந்தது. எங்களைப் பார்த்தார். நாங்கள் எழுந்துகொண்டோம். கதவு சாத்தும்போது அக்கா நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு கிழவர், உள்ளே யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன். "அப்ப நீங்க ஏன் வெளிய?" என்றார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"என்னா மச்சான் பேசறாங்க உள்ள?"

"தெரியல மாமா."

"இவ்ளோ நேரமா?"

"அக்கா கேள்வி கேக்கறா போல."

மாமா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

அக்கா பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. மாமா எழுந்து, "என்னா சொன்னாரு?" என்றார்.

"பஸ்ல சொல்றேன், வாங்க."

"அக்கா, எனக்கு?"

"நீ ஞாயித்துக்கெழம வா."

என் வீட்டுக்கு வந்து ஒரு வாய் மோராவது குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மாமா பக்கத்தில். நான் கீழே நின்றேன். நடத்துனர் டிக்கெட் கொடுத்து நகர்ந்ததும் அவள் பேச ஆரம்பித்தாள். இரைச்சலில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்து, வலது கை விரலால் அதில் ஏதோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். மக்குப் பையனுக்கு முக்கோணம் சொல்லித் தருகிற பொறுமை. மாமா குனிந்து அந்தக் கையையே பார்த்தார். என்னமோ கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் மறுபடி கேட்டார், இந்த முறை நீளமாக, கையைக் கூப்பாத குறையாக. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு மறுபடியும் இல்லை என்று தலையசைத்தாள்.

சென்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பஸ் பின்னால் வந்து திரும்பியது. கையை ஆட்டினேன். மாமா பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். பேச்சை நிறுத்தாமலே, போ என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.