குறி சொன்னவர் எங்கே இருப்பார்?

மந்தாரக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறி சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பக்கத்தில் நிற்கும் செல்வி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்.

“மாத்திரையை நிறுத்துப்பா. மூணு வாரத்துல புண்ணு ஆறிடும்” என்கிறார் குறிசொல்லி.

“அப்ப வூட்டுக்கே போயிடலாம்” என்கிறார் கணவர்.

செல்வி நிதானமாகக் கேட்கிறார்: “ஆறலன்னா உங்கள எங்க வந்து பாக்கிறது சாமி?”

“எனக்கு ஊரு ஏது, வீடு ஏதும்மா?”

செல்வி கணவரின் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுகிறார். நானும் ஏறி, குறியில் நம்பிக்கை இல்லையா என்று கேட்கிறேன்.

“இருக்குதுங்க. எங்க ஊரு பூசாரி குறி சொல்றப்ப, ‘வாயக் கட்டு, இல்லன்னா காலு போயிடும்’னு இவருகிட்ட சொன்னாரு. இவரு சண்டைக்குப் போனாரு. அப்பவும் அவரு வாராவாரம் வூட்டுக்கு வந்து விசாரிச்சுகினுதான் இருக்காரு. கசப்பா சொன்னாலும் சொன்ன சொல்லுக்கு நிக்கிறாரு பாருங்க, அவருதான் நெசம்.”

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சற்றுக் கழித்து மெல்லக் கேட்கிறார்: “இன்னிக்கு டாக்டர் இருப்பாரா?”

“இருப்பாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன் போட்டு கேட்டுகினுதான் வந்தேன்.”