தங்கப் பல்லில் வைத்த சந்தனம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று. வளர்த்தது, தம்பி விட்டுப்போன இரண்டையும் பேத்தி செல்வியையும் சேர்த்து, ஆறு. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சந்தனம் உரைத்தேன். வாசனை எழுந்ததுமே அந்தக் கம்ப்யூட்டர் நினைப்பு வந்துவிட்டது, கூடவே எரிச்சலும்.

எங்கள் பசுவந்தனை வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் நான் விட்டதில்லை. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் பிடித்த பழக்கம். ஆயுத பூஜைக்குக் தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஒன்று விடாமல் சந்தனம் வைப்போம். மருந்து நாற்றத்தையும் மீறி அன்றைக்கு ஒரு நாள் அந்தக் கொட்டகை மணக்கும். மறுநாள் எந்தச் சட்டமாவது வேலை செய்ய மாட்டேன் என்றதா? இல்லையே!

செல்விக்கு வேலைக்கான பரீட்சை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாமாம், போனில் எழுதினால் செல்லாதாம். பதினோரு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் அவ்வளவுதான். கோவில்பட்டிக் கடைக்கார பாயிடம் உதிரி உதிரியாக வாங்கி வந்து, தானே பூட்டப் போவதாகச் சொன்னாள். அன்று காலையில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தேன்.

பெரிய பெட்டிக்கு ஒரு பொட்டு, திரைக்கு ஒன்று. சீப்பு மாதிரி ஒரு சின்னப் பலகை கிடந்தது, ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பல். மெமரி என்று அதற்குப் பேராம். தங்கம் இருக்கிற இடத்தை விடலாமா? நீளமாக ஒரு தீற்று தீற்றினேன். மஞ்சளோடு மஞ்சளாகத் தெரியவே இல்லை.

“ஏன் ஆச்சி இப்படிப் பண்ணுதீங்க?” ஈரத் தலையோடு வந்தவள் பெட்டியைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். “வேற எதுலயும் வச்சீங்களா?”

நான் தூக்கி வளர்த்தது என்னை அதட்டுவதா என்று வீம்பு. “வைக்கலட்டி” என்றேன்.

பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றியது, விளக்கும் எரிந்தது. திரை மட்டும் இருட்டு. சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்தது, போனது. வயரைப் பிடுங்கிச் செருகினாள். வேறு வயர் மாட்டினாள். எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினாள். மறுபடியும் அதே வரி. “அப்ப மெமரிதான் போல” என்று முணுமுணுத்தாள்.

சிக்னல் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் ஓட்டின் மேல் நின்றது ஞாபகம் வந்தது. ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “தெரியுதா?” என்பார். நான் முற்றத்திலிருந்து “புள்ளி புள்ளியா வருது” என்பேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சும்மா இருக்க மாட்டார். “கிழக்க திருப்பும் மாப்ளே, இலங்கை டிவிக்காரன் அங்கன இருக்கான்!” அப்போதெல்லாம் படம் வராவிட்டால் காக்காயைத் திட்டலாம், காற்றைத் திட்டலாம். இந்தத் தடவை திட்ட ஒரு காக்காய்கூட இல்லை. ஒரு சொட்டுச் சந்தனத்துக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மணி பத்தரை. செல்வி பாய்க்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது.

“நீங்க தந்த மெமரி செத்துக் கெடக்கு பாய். இன்னைக்குன்னு பாத்து இப்படி ஏமாத்திட்டீங்களே!”

“இல்லம்மா. கடையில ஓட்டிப் பாத்துத்தான தந்தேன்.”

“பொய் சொல்லாதீங்க!”

அந்த வார்த்தை எனக்கு வர வேண்டியது. யாரோ ஒரு மனுசர் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

“ஏட்டி, அவியளச் சொல்லாத. அந்தத் தங்கப் பல்லுல நாந்தான் சந்தனம் வச்சேன்.”

செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். போனில் பாய் சிரிக்கிறார். “பூவும் சுத்துனீங்களாம்மா?”

“பூக்காரி இன்னும் வரல” என்றேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா?

“கரண்ட அமத்திட்டு அதக் கழத்துங்க. பென்சில் அழிக்கிற ரப்பர வச்சு அந்தப் பல்ல நல்லாத் தேய்ங்க. செருகுற குழியிலயும் காஞ்ச பிரஷ்ஷால தட்டிவிடுங்க. திரும்ப மாட்டும்போது டக்குன்னு சத்தம் வரணும்.”

தேய்த்தாள். பிரஷ்ஷால் தட்டினாள். டக் என்றது. விசிறி சுற்றியது. திரை வெளுத்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது செல்வி பரீட்சைக்குள் போய்விட்டாள்.

முடித்துவிட்டு வந்து பாயிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி அன்றைக்கே முடித்திருப்பேன்.

இப்போது கேஸ் அடுப்பை அடைத்துவிட்டேன் என்றால் எழுந்து போய்ப் பார்க்கிறாள். மாத்திரை போட்டுவிட்டேன் என்றால் அட்டையை எடுத்து எண்ணுகிறாள். தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆச்சி சொன்னால் சரி என்று அப்படியே விட்டுவிட்டுப் போன காலம் அந்தப் பத்தரை மணியோடு போயிற்று.

சரிட்டி செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ கம்ப்யூட்டர்ல அடிச்சதெல்லாம் ஒருக்கா வாசி. நான் பொய் சொன்ன எடத்த, ஆச்சி பாவம்னு நீ விட்டுட்டியான்னு நான் காதால கேட்டுப் பாக்கணும்.