சந்தையில் கை நனைத்த கதை

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். யாங்கோன் நகரில் போட்டாதாங் பகுதியில் நான் தங்கியிருந்த விடுதி வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. உள்ளே லோஞ்சி என்கிற பர்மா லுங்கி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஊ முத்தையா உட்கார்ந்திருந்தார். 'ஊ' என்பது பர்மாவில் பெரிய மனிதர் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. இவருடைய மகள் வள்ளியைத்தான் என் மூத்த மகனுக்குப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து புறப்பட்டு வந்திருந்தேன். இரண்டு பேருக்கும் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழக்கம். பையன் முடிவு செய்துவிட்டான். பெற்றவர்கள்தான் பாக்கி.

என் மனைவி செண்பகத்துக்கு நேரத்தில் பாஸ்போர்ட் வரவில்லை. ஆகவே நான் தனியாக வந்தேன். தனியாக என்றால் அவளுடைய உத்தரவுகளோடு. "நான் போன்ல பொண்ணப் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் அங்க பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. கை நனைச்சா சம்மதம்னு ஆயிரும், தெரியும்ல?" தெரியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம்; காப்பி, கேசரிக்கு விலக்கு உண்டு, செண்பகம் அதையும் எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பர்மாவில் வளர்ந்த பெண், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "என்கூடச் சண்ட போடவாச்சும் தமிழ் வேணாமா? ஊமை மாதிரி நிக்கிற புள்ளைய நான் எப்படிக் காலம் பூரா வச்சுக்கிறது?"

நேற்று தாகேதாவில் அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டு, வைத்த காப்பியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வள்ளி உறவுக்காரர் தோட்டத்துக்குப் பழம் எடுக்கத் தன்லியின் என்ற ஊருக்குப் போயிருந்தாள். இன்று உழவர் சந்தையில் கடை போடுகிறாளாம். எட்டரை மணிக்குச் செண்பகம் போனில் வருவாள், அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

டாக்சி ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

"சாப்பிட்டாச்சான்னு கேக்குறாரு" என்றார் முத்தையா. பர்மாக்காரர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதில் இதைத்தான் கேட்கிறார்கள். விடுதிக் காவலாளி, எதிர்க் கடைக்காரி, எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நான் பதில் சொல்லக் கூடாத ஒரே கேள்வியை இந்த நகரமே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, எங்க வீட்டுல கை நனைக்க மாட்டீங்க, அது நாயம். எங்க பாட்டன் கப்பலேறி வரயில இந்தப் பழக்கத்தையும் மூட்டையில கட்டிட்டுத்தான் வந்தாரு. ஆனா சந்த யாரு வீடு? கடக்காரவுங்க ருசி பாக்கக் குடுத்தா அது சாப்பாடாண்ணே?"

நான் முப்பது வருஷமாக வத்தல் மண்டி நடத்துகிறவன். மண்டியில் மிளகாயைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பதைச் சாப்பாடு என்று யாரும் சொன்னதில்லை. "அது சாப்பாடு இல்லதான், சம்ப..." என்று ஆரம்பித்து மிச்சத்தை விழுங்கினேன். சம்பந்தி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் சம்மதம்தானே?

ஏழேகாலுக்குச் சந்தை நடக்கும் பூங்காவுக்கு வந்துவிட்டோம். மரங்களுக்குக் கீழே துணிப் பந்தல்கள், மூங்கில் கூடைகள், கன்னத்தில் சந்தனம்போல் தனாக்கா பூசிய பெண்கள். முதல் கடையில் இலந்தைப் பழத்தை வெல்லப் பாகில் ஊறவைத்து மிளகாய்ப்பொடியில் புரட்டி வைத்திருந்தார்கள். பொட்டலம் மூவாயிரம் சாட். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, நாம் அசந்த நேரம் பார்த்துக் காரம். நம் இலந்தவடைக்குப் பணக்காரச் சொந்தம். அடுத்த கடையில் லப்பே. தேயிலையை ஊறப்போட்டு, வறுத்த பருப்பு, பூண்டு, எள், பச்சை மிளகாயோடு பிசைந்து அப்படியே தின்கிறார்கள். நாம் வடிகட்டித் தூர எறிகிற சாமான்! ஒரு வாய் ருசி பார்த்தேன். மண்டியில் எவ்வளவு கிள்ளினால் அளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் இன்னும் நான்கு வாய் ருசி பார்த்தேன்.

மாங்காயின் தங்கச்சி மாதிரி இருக்கும் மரியான் பழத்தை உப்பும் மிளகாயும் தொட்டுக் கொடுத்தார்கள். பூண்டோடு பொரித்த காய்ந்த இறாலில் சர்க்கரை போட்டிருந்தார்கள். இறாலில் சர்க்கரையா என்று முகத்தைச் சுளித்தவன், ஒரு பாட்டில் வாங்கிப் பையில் போட்டேன். "காரம் எப்படிண்ணே?" என்று முத்தையா கவலையோடு கேட்டார்.

"இதெல்லாம் காரமா? நம்ம ஊர்ப் பச்சப்புள்ள பாலுல கலந்து குடிக்கும்" என்றேன். வாய்க் கொழுப்பு.

எட்டு மணிக்கு வள்ளியின் கடைக்கு வந்தோம். சந்தையில் அவளுக்கு மா சூ என்று பர்மாப் பெயர். புளிச்சக்கீரைப் பூவில் செய்த சிவப்பு ஜாம், மிளகாய் போட்ட மாங்காய்ப் பாகு எல்லாம் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருந்தது. "மாமா, வாங்க. ருசி பாருங்க" என்று கரண்டியை நீட்டினாள். சந்தை பொது. ஆனால் கடை பெண்ணுடையது. சிக்கல்தான். "அப்புறம் பாக்கலாம்மா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியைத் திரும்ப வைத்தாள். பாவமாக இருந்தது, ஆனாலும் செண்பகத்தின் முகம் கண்முன் வந்து நின்றது.

அடுத்த வாரம் திஞ்ஜான், அவர்களுடைய தண்ணீர்ப் புத்தாண்டு. அதற்காகச் சந்தைக்காரர்கள் கூடி ஒரு பெரிய அண்டாவில் உருண்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பசையரிசி மாவுக்குள் கருப்பட்டித் துண்டு. வெந்ததும் மேலே மிதக்கும், தேங்காய்த்துருவல் தூவிக் கொடுப்பார்கள். அண்டா யாருடையது என்று விசாரித்தேன். "சந்தைக்குப் பொதுண்ணே." அப்படியானால் சரி. தொன்னையைக் கொண்டுவந்து தந்தது வள்ளிதான். ஆனால் அண்டா பொது, கை வெறும் வாகனம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. முத்தையாவிடம் கொடுத்து, "பொண்ணக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு மேலே இருந்த உருண்டையை வாயில் போட்டேன்.

கருப்பட்டி இல்லை. உள்ளே ஊசிமிளகாய், அதுவும் பச்சையாக. கடித்த பிறகுதான் தெரிந்தது.

திஞ்ஜானில் இப்படி ஓரிரண்டு உருண்டையில் மிளகாயை வைத்து ஆளை ஏமாற்றுவது அவர்கள் வழக்கமாம். இதை முன்னாலேயே சொல்ல ஒரு ஆத்மா அங்கே இல்லை. காதில் ரயில் ஓடியது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். அண்டாவைச் சுற்றி நின்ற பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வத்தல் மண்டிக்காரன் மிளகாய்க்கு அழுகிறானே என்று நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க இன்னும் எரிந்தது.

வள்ளி ஓடிவந்தாள். "மாமா, வாய் தொற!" நான் ஏதோ சட்டம் பேச வாயைத் திறந்தேன். எலுமிச்சை அளவு கருப்பட்டியை உள்ளே வைத்து அழுத்திவிட்டாள். "பேசாத. சப்பு."

பேசாமல் சப்பினேன். அப்போதுதான் போனிலிருந்து குரல் கேட்டது.

"அங்க என்ன நடக்குது? அவரு வாயில என்ன?"

முத்தையா போனைக் கீழே இறக்கினார். பெண்ணின் கல்யாணம் என் வாய்க்குள் கரைந்துகொண்டிருந்தது. வள்ளி போனை வாங்கினாள்.

"ஏம்மா, கேக்காம கொள்ளாம மாமனார் வாயில கருப்பட்டியத் திணிக்கிற. கோவிச்சுக்குவாருன்னு பயமில்லையா?"

வள்ளி தமிழைத் தேடித் தேடி எடுத்தாள். "கோவம் அப்புறம், அத்தை. வாய் மொதல்ல."

விருதுநகரில் செண்பகம் சிரித்தாள். "முப்பது வருசமா இந்த மனுசன் பேச்ச நிறுத்த எனக்கு வழி தெரியல. இவ தாராளமாச் சண்ட போடுவா. ஏங்க, போய்க் கை நனைச்சுட்டு வாங்க!"

"சம்பந்தி!" என்று முத்தையாவைக் கட்டிக்கொண்டேன். அவர் சட்டையெல்லாம் தேங்காய்த்துருவல்.

மதியம் ஒன்றரைக்குத் தாகேதா வீட்டில் அவரே செம்பில் தண்ணீர் ஊற்ற, கையை நனைத்தேன். மீன் குழம்பு, புளிச்சக்கீரை, வறுத்த இறால். இரண்டாவது முறை சோறு வைக்கும்போது வள்ளி மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அந்த உருண்டை தெரிஞ்சுதான் குடுத்தேன். அது தனியா எடுத்து மேல வச்சிருந்தேன்."

"ஏம்மா?"

"கோவிச்சா அந்த வீட்டுக்குப் போக வேணாம்னு நெனச்சேன். நீங்க சிரிச்சீங்க."

பெண் பார்க்க வந்தவன் என்று வந்த நாளிலிருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என்னைப் பார்த்தது அவள். நல்லவேளை, தேறிவிட்டேன்.

ஞாயிறு மாலை விமானத்தில் ஏறினேன். நம் ஊரில் பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்கிறோம், நடக்கச் சொல்கிறோம், சமையல் தெரியுமா என்று கேட்கிறோம். கேசரியைத் தின்றுவிட்டு ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்கிறோம். அந்தப் பெண் நம்மைப் பார்க்க ஒரு வழி வைத்தோமா? எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளைப் பார்க்க மதுரையிலிருந்து வருகிறார்கள். கேசரி வேண்டாம், உருண்டைக் கொழுக்கட்டை போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். எந்த உருண்டையை யாருக்குக் கொடுப்பது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.