மேல் லயத்தை இறக்கிய கதை

வரப்போகும் ஆபத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழிலில் நல்ல பெயர் எடுக்க வழியே இல்லை: ஆபத்து வராவிட்டால் பொய்க்காரி, வந்துவிட்டால் கருநாக்குக்காரி. ஊருக்கு நல்லது சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். டெங்கு நுளம்பு பிடிக்கப் போன சுகாதாரப் பரிசோதகர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்ன மிட்வைஃப் அம்மாமார், உங்களுக்கெல்லாம் என் வயிற்றெரிச்சல் விளக்காமலே புரியும்.

சுனாமி வந்து போன பிறகு அனர்த்த முன்னாயத்தம் என்ற நீளமான பெயரில் ஒரு வேலை வந்தது. மாத்தளை மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் பேசக்கூடிய ஆள் வேண்டுமென்றார்கள். எனக்கு இரண்டும் வரும், மலையேற முழங்காலும் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

கடல் ஏறி வந்தால்

முதல் மாதம் கொழும்பிலிருந்து சுவரொட்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே படம்: தென்னை மர உயரத்துக்கு அலை, அதற்கு முன்னால் ஓடும் சனம். மாத்தளைக்கு எதற்கு அலை என்று தொலைபேசியில் கேட்டேன். அனுப்பியதை ஒட்டுங்கள் என்றார்கள். மேலிடத்துச் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிரட்டுக்களத்தில், காலையில் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்திலேயே, நாலு மூலையிலும் ஒட்டினேன்.

கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி ஓர் அம்மா படத்தை நின்று பார்த்தார். பெயர் செல்லம்மா என்பது பிறகு தெரிந்தது. மேல் லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் வீடு, ஒரே மகன், நாக்கு மட்டும் ஊருக்கே போதுமானது. பார்த்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்:

"கடலு இம்புட்டு ஒசரம் ஏறி வந்துச்சுன்னா மிஸ், கொழும்புல இத அச்சடிச்சவன் மொதல்ல இருப்பானா?"

லக்கலையில் ஒரு விரிவுரை

வறட்சியைப் பற்றிப் பேச லக்கலைக்கு அனுப்பினார்கள். பஸ் வராத இடம். வாடகை ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போய், பல்லேகமவுக்கு அப்பால் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைக்காரர்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, மழை பொய்த்தால் என்ன செய்வது என்று சிங்களத்தில் மூச்சு விடாமல் பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். கொட்டாவியைக்கூடக் கையால் மூடிக்கொண்டுதான் விட்டார்கள்.

கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். இரவெல்லாம் மரத்தில் கட்டிய பரணில் காவல் இருந்து கண் சிவந்துபோன ஒருவர் எழுந்தார்:

"மழை வராதுன்னு வானத்தப் பார்த்தாலே தெரியும் நோனா, யானை எந்தப் பக்கமா வரும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சாத்த முடியாத கதவுகள்

சிரித்தது அதோடு சரி. அடுத்த மழைக்காலத்தில் அந்த ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து தகவல் வந்தது: மேல் லயத்தில் கதவுகளைச் சாத்த முடியவில்லை. நிலை கோணிப்போயிருந்தது. லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறிப் பார்த்தோம். மலையின் குறுக்கே ஒரு வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போனது. உடன் வந்த மண் பரிசோதகர் வெடிப்பின் இரண்டு பக்கமும் கம்பு அடித்தார். கம்புகள் விலக விலக மண் இறங்குகிறது என்று அர்த்தம்.

வேறு இடத்தில் வீடு கட்டித் தரும்படி எழுதினோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பரிசீலனை முடியும்வரை மழை காத்திருக்காது. ஆகவே கனமழை பிடித்தால் மண் இறங்குமுன் ஆட்கள் இறங்கிவிட வேண்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு. அதை எல்லார் மனதிலும் படியவைப்பதுதான் என் வேலை. கூட்டம் போட்டுச் சொன்னேன். வழக்கம்போலச் செல்லம்மாதான் பேசினார்:

"எழுபத்தேழு கலவரத்துலயும் எறங்கு எறங்குன்னாங்க, எம்பத்திமூணுலயும் எறங்குன்னாங்க, இப்ப மண்ணும் சொல்லுதா மிஸ்?"

ஒத்திகை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை வைத்தோம். கோயில் ஒலிபெருக்கியில் தோட்டத்துத் தலைவர் அறிவிப்பார், எல்லாரும் கீழே வரவேண்டும். "எல்லாரும் வீட்ட விட்டு வெளிய வாங்க, பள்ளிக்கூட மைதானத்துல கூடுங்க" என்று அவர் கணீரென்று சொன்னார். நான் மைதானத்தில் நின்றேன். பிரமாதமாக வந்தார்கள். சத்தம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. எல்லார் கையிலும் அடையாள அட்டை. வாலிபர்களில் பாதிப் பேரைக் காணோம். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதுமே லயத்துக்குப் பின்னால், அந்த வெடிப்பு இருந்த தேயிலைக்குள் ஏறி ஒளிந்துவிட்டார்களாம். யுத்தம் நடந்த அந்த நாட்களில் இராணுவமும் பொலிஸும் ஆள் பிடிக்கச் சுற்றிவளைப்பு நடத்த வரும்போது இதே ஒலிபெருக்கி, இதே வார்த்தைகள், இதே மைதானம். வரிசையின் முன்னால் நின்ற செல்லம்மா, தன் அட்டையையும் மகனுடையதையும் சேர்த்து நீட்டினார்:

"எல்லாருகிட்டயும் கார்டு இருக்கு மிஸ், யாருத வேணும்னாலும் பாத்துக்கங்க."

அட்டையும் மழையும்

அதன்பிறகு ஒலிபெருக்கியை விட்டுவிட்டோம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் தலைவர் அடிப்பது என்று முடிவானது. அட்டை விஷயம் அப்படித் தீரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோட்டில் பொலிஸ் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. செல்லம்மாவின் மகன் ராஜேந்திரன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்பவன். ஒருமுறை அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போய் அங்கே பிடிபட்டான். அவனை எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அந்தத் தாய் ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலாக அழுதுகொண்டு நின்றாராம். வீடு திரும்பிய பையன் வெகுநாள் டவுன் வேலைக்குப் போகவில்லை. அதிலிருந்து அவன் அட்டைக்குக் காவல் அவர்தான்.

உயிர்தான் முக்கியம், அட்டையைத் தேடி நிற்காதீர்கள் என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? நேரே சாவடிக்குப் போய் சார்ஜன்டிடம் பேசினேன். நல்ல மனிதர். மலை சரியும்போது வருகிறவர்களிடம் அட்டை கேட்க நான் என்ன மிருகமா என்று கோபித்துக்கொண்டார். அதை அப்படியே கொண்டுபோய் மேல் லயத்தில் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். செல்லம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

"அவரு நல்லவராவே இருக்கட்டும் மிஸ், அன்னிக்கு டியூட்டில அவருதான் நிப்பாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அந்தக் காலை

மழை விடாமல் பிடித்தது. மலையூற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது என்று தலைவர் காலையில் தொலைபேசியில் சொன்னார். தண்டவாளத்தை அடியுங்கள் என்றேன். நான் சாவடிக்கு வந்து சேரும்போது சனம் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே சார்ஜன்ட் இல்லை. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு புதுப் பொலிஸ்காரர்தான் நின்றார். தடைக்கம்பைத் தூக்கிக் கட்டிவிட்டு, யாருடையதோ ஒரு குழந்தையைத் தன் மழைச்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஓடுங்கள் ஓடுங்கள் என்று சிங்களத்தில் கத்தினார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ராஜேந்திரன் நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரரை முதுகில் சுமந்து வந்தான். பள்ளிக்கூட மண்டபத்தில் அவரை இறக்கிவிட்டுத்தான் அம்மாவைத் தேடினான். அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் யாரும் அழவில்லை, எல்லாரும் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார்கள். பீலிவரை செல்லம்மாவோடு இறங்கி வந்த பெண் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒன் கார்டு கழட்டிப் போட்ட சட்டையிலயே இருக்காம்டா, எடுத்துட்டு ஓடியாறேன்னு ஒங்கம்மா திரும்பிருச்சு."

ஆஸ்பத்திரி வாசலில்

எங்கள் அலுவலகத்தில் பாராட்டினார்கள். ஒரு லயமே போயும் ஓர் உயிர்தானே என்றார்கள். அந்த ஓர் உயிர் என்னோடு சண்டை போட்ட உயிர். எனக்கு எதிரில் இருந்த தேநீர்க் கோப்பையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

மண்ணைத் தோண்டிச் செல்லம்மாவை எடுத்தபோது, அட்டை பொலித்தீன் பைக்குள் சுற்றி முந்தானையில் முடிந்திருந்தது. ஈரம்கூடப் படவில்லை. முடிச்சை அவிழ்த்து ராஜேந்திரனிடம் கொடுத்தார்கள். மறுநாள் உடலைப் பொறுப்பெடுக்க மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அவனோடு நானும் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், பொறுப்பெடுப்பவரின் அடையாள அட்டை என்று கை நீட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது, அதுதான் முறை. ராஜேந்திரன் அட்டையைக் கொடுத்தான். அவர் பார்த்து, எழுதி, திருப்பிக் கொடுக்கும்வரை அசையாமல் நின்றான். வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"மல எறங்குன அன்னிக்கு யாருமே கேக்கல மிஸ், அம்மாவ வாங்கத்தான் கேட்டாங்க."

மண்சரிவுக்கு ஆயத்தமாவது எப்படி என்று அந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களை ஜீப் வைத்து அனுப்பினார்கள், அவர்களோ அதைவிட அடிக்கடி வந்துபோன இன்னொன்றுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆயத்தமாகியிருந்தார்கள்.